முன்னால் புதுசு, பின்னால் பழசு

கார் நகரவில்லை. முன் சக்கரங்கள் இரண்டும் கரிசல் சேற்றை வாரிக் கண்ணாடிவரை அடித்தன. பின் சக்கரங்கள் இரண்டும் எனக்கென்ன வந்தது என்று சும்மா நின்றன. குருவிகுளத்தைத் தாண்டி, தார்ச்சாலையை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் அரைக் கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டோம். இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, வேலம்மாள் வீட்டுத் தொழுவில் ஒரு பசு கன்று போட முடியாமல் விடியற்காலையிலிருந்து கிடந்தது.

"டயரு ரெண்டும் புத்தம் புதுசு. பட்டன்கூடத் தேயல" என்றார் என் கணவர், ஸ்டியரிங்கை விடாமல்.

ஐப்பசி மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மணி பத்து இருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். அங்கே ரோடே இல்லை.

சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், "டாக்டரம்மாவுக்குக் கோபமே வராது போலிருக்கிறதே" என்று கடிதம் போட்டிருக்கிறார். முப்பது வருடம் மாடுகளிடம் உதை வாங்கியும் கோபப்படாதவள்தான் நான். மாடு தெரியாமல் உதைக்கும். இந்த வாரம் அந்த வாசகருக்காகவே எழுதுகிறேன்.

ஸ்கூட்டரைப் பார்க்க வந்தவர்

என் கணவர் செல்லத்துரை, பஸ் டிப்போவில் டயர் பிரிவு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு அவர் 'ஃபோர்மேன் அண்ணாச்சி'. மீதிப் பேருக்கு 'டாக்டரம்மா வீட்டுக்காரர்'. இரண்டாவது பெயர் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

பெண் பார்க்க வந்த அன்றே அவருடைய குணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற அப்பாவின் ஸ்கூட்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே வந்து அவர் பேசிய முதல் வாக்கியம், "டயரு மொட்டையாயிட்டு மாமா, மாத்திருங்க" என்பதுதான். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவுக்கு 'மாமா' என்று கேட்டதில் உச்சி குளிர்ந்துவிட்டது. பையன் பொறுப்பானவன் என்று அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டார்.

பொறுப்பானவர்தான். அதில் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் போதகரிடம் கை கொடுக்கப் போனால், இவர் கோயில் வளாகத்தில் நிற்கிற வண்டிகளின் டயர்களைப் பார்க்கப் போவார். யாருடைய டயரில் எப்போது ஆணி ஏறும் என்பதைச் சபையில் முன்கூட்டியே அறிந்தவர் இவர் ஒருவர்தான்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. முன்னால் புதுசு, பின்னால் பழசு.

பஸ்ஸுக்கு அது ரொம்பச் சரியான சட்டம். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும், ஐம்பது உயிர் பள்ளத்தில் கிடக்கும். அதனால் புதிய டயரை முன்னால்தான் மாட்டுவார்கள். தேய்ந்த பிறகு அதைக் கழற்றி, மேலே புது ரப்பர் ஒட்டி, பின்னால் போடுவார்கள். அவர் கைபட்ட எந்த பஸ்ஸும் டயரால் கவிழ்ந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. எங்கள் கல்யாண நாளுக்கு வந்தவர்களிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் கார் பஸ் இல்லை. இதை அவருக்கு நான் எத்தனை தடவை சொன்னேன் என்பதற்கு வீட்டுச் சுவர்கள் சாட்சி.

கரிசலுக்கென்று ஒரு கார்

கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்காதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது. ஒரு அடி வைத்தால் காலில் அரைக் கிலோ ஒட்டும். பத்தாவது அடியில் செருப்பு உங்களுடையது இல்லை, மண்ணுடையது.

மேலநீலிதநல்லூர் பக்கம் முதன்முதலாக வேலைக்கு வந்தபோது என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. மழைக்காலத்தில் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் மண் இறுகி, சக்கரமே சுற்றாது. இறங்கி, குச்சியால் குத்திக் குத்தி மண்ணை எடுத்து, நாலு அடி ஓட்டி, மறுபடி இறங்கி, மறுபடி குத்தி... ஒருநாள் மொபெட்டைப் பருத்திக் காட்டில் அப்படியே போட்டுவிட்டு, பால் சொசைட்டிக்காரரின் மாட்டு வண்டியில் ஏறிப் போனேன். திரும்பி வந்தபோது அதன் சீட்டில் ஒரு ஆடு படுத்திருந்தது.

அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் வைத்தியத்தை விடாத நான், நாலு சக்கரமும் இழுக்கிற கார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆல் வீல் டிரைவ் என்று சொல்வார்களே, அது. மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் ஓட்டிய பழைய கார் கிடைத்தது. சாதாரண நேரத்தில் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். அவை வழுக்க ஆரம்பித்தால் பின் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும்.

முதல் மழைக்காலத்தில் அந்தக் காரில் போன சுகத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. டிராக்டரே தயங்கி நின்ற ஓடையைக் கடந்து போய் ஒரு எருமைக்கு ஊசி போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டேன்.

இசக்கிமுத்து சொன்ன சமாதானம்

மறு வருடம் ஆனி வாக்கில் முன் டயர்கள் இரண்டும் நன்றாகத் தேய்ந்துவிட்டன. பின்னால் இருந்தவை பாதி தேய்ந்திருந்தன. கழுகுமலை ரோட்டில் இருக்கிற இசக்கிமுத்துவின் டயர் கடைக்குப் போனோம். நான் காரிலேயே உட்கார்ந்திருக்கலாம். இறங்கினதுதான் தப்பு, எல்லாவற்றையும் காதால் கேட்கும்படி ஆயிற்று.

"அண்ணாச்சி, பின்னாடி கெடக்கது அறுவத்தஞ்சு. அது இப்ப ஸ்டாக் இல்ல. எழுவது இருக்கு. கொஞ்சூண்டு ஒசரம், அவ்வளவுதான். வண்டி இன்னும் மேல தூக்கி நிக்கும்லா" என்றார் இசக்கிமுத்து. அறுபத்தைந்தும் எழுபதும் டயரின் உயரத்தைக் குறிக்கிற எண்களாம்.

"நாலும் ஒரே அளவுல இருக்க வேண்டாமா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். மாட்டுக்கு நாலு காலும் ஒரே உயரமாக இருந்தால்தான் நடக்கும் என்கிற அளவுக்குத்தான் என் படிப்பு.

"என்னம்மா நீங்க, நம்ம ஊரு சாமியே பாதி சிவன், பாதி பெருமாள். அவருக்கே பாதி பாதி சரியா வருது. காருக்கு வராதா?"

சபையில் மூப்பராக இருக்கிற என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சாமிக்கும் இரண்டு காலும் ஒரே உயரம்தானே என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும்.

"முன் வீலு எந்த வண்டிக்கும் வழி காட்டுத வீலு. அது புதுசா இருந்தாப் போதும்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். உயரமான புதிய எழுபது இரண்டும் முன்னால் ஏறின. தேய்ந்த அறுபத்தைந்து இரண்டும் பின்னாலேயே இருந்தன.

கறுப்பு டேப்

பத்து நாள்கூட ஆகவில்லை. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது காரின் அடியில் ஒரு முனகல். பிரசவ வலி எடுத்த மாடு முனகுவதைக் கேட்டுப் பழகிய காது இது, எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. அப்புறம் கருகல் வாடை. அப்புறம் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு.

"கரிசத் தூசி அடைச்சிருக்கும்" என்றார்.

"தூசி அடைச்சா வாடை வருமா?"

"உனக்கு எல்லாத்துலயும் வாடை வரும்."

ஆவணியில் நான் பிடிவாதம் பிடித்து, திருநெல்வேலியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். இவரும் கூடவே வந்தார். சின்ன வயதுக்காரர்தான் அந்த மெக்கானிக். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, காரைத் தள்ளி, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரே ஒரு சுற்று உருளவிட்டார். முன் சக்கரம் போன தூரத்துக்கும் பின் சக்கரம் போன தூரத்துக்கும் நாலு விரல் அளவு வித்தியாசம் இருந்தது.

"காருக்கு டயர் மாத்துனது தெரியாதும்மா" என்றார். "ரெண்டு ஜோடியும் வேற வேற வேகத்துல சுத்துதுன்னா, ஏதோ ஒண்ணு வழுக்குதுன்னு நெனச்சிரும். உடனே ரெண்டையும் சேத்துப் பிடிக்கும். காஞ்ச தார் ரோட்டுலயும் பிடிச்சிக்கிட்டே கெடக்கும். ஓயாமப் பிடிச்சா உள்ள இருக்க கிளட்ச் வெந்துரும். பிறவு நெசமாவே வழுக்கும்போது பின் வீலு வராது. நாலையும் ஒரே டயரா மாத்திருங்க. இன்னும் கெடல."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மாட்டு வைத்தியம் படித்த எனக்கே புரிந்தது.

என் கணவர் பனவடலிசத்திரம் வரும்வரை வாய் திறக்கவில்லை. டீக்கடையில் நிறுத்தி, ஒரு டீயைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"நேத்துப் பொறந்த பய. எனக்கு டயரு சொல்லித் தாரான்."

அன்று தொடங்கிய சண்டை ஐப்பசிவரை ஓடியது. காலைக் காப்பியோடு ஆரம்பித்து இரவு ஜெபத்துக்கு முன்னால் நிறுத்துவோம். டிப்போவில் தன் கையால் ஆயிரக்கணக்கான டயர் மாட்டியதைச் சொல்வார். அதில் ஒரு வண்டிகூட ஆல் வீல் டிரைவ் இல்லை என்று நான் சொல்வேன். வீலு வீலுதான் என்பார். ஒருநாள் காரில் ஏறினால் மஞ்சள் விளக்கைக் காணோம். சரியாகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது! பிய்த்துப் போட்டேன். மறுநாள் மறுபடி ஒட்டியிருந்தது. நான் பிய்க்க, அவர் ஒட்ட, ஒரு சுருள் டேப்பே தீர்ந்தது.

"நீயே கடைக்குப் போய் மாற்றியிருக்கலாமே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் வீட்டில் என் மருந்துப் பையை அவர் தொடமாட்டார், வண்டி டயரை நான் தொடமாட்டேன். அதைத் தாண்டி அவர் டயரில் நான் கை வைத்தால், இசக்கிமுத்து கடையில் அவர் முகம் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவருடைய முகத்தைக் காப்பாற்றினேன். இன்றைக்கு நினைத்தால் என்மேலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சேற்றில்

அந்த ஐப்பசிக் காலையில் வேலம்மாள் போன் செய்தபோது மணி ஒன்பது.

"டாக்டரம்மா, காலு ரெண்டும் வெளிய தெரியுது, தலையக் காணல. எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் வாங்க."

வேலம்மாளின் புருஷன் திருப்பூரில் வேலை செய்கிறார். ஊரில் அவளும் அந்தச் செவலைப் பசுவும்தான். முதல் இரண்டு ஈற்றும் காளைக் கன்று. இந்தத் தடவை சினை ஊசி போட்டது நான்தான். "கிடேரி மட்டும் பெறக்கட்டும், உங்க பேரையே வைக்கேன்" என்று அப்போதே சொல்லியிருந்தாள். அந்தக் கன்றை வளர்த்து இரண்டாவது பசுவாக்கினால், புருஷனைத் திருப்பூரிலிருந்து வரச்சொல்லிவிடலாம் என்பது அவள் போட்டு வைத்திருந்த திட்டம்.

நான் பையை எடுப்பதற்குள் இவர் சாவியோடு வாசலில் நின்றார்.

"நான் ஓட்டுதேன். டயரு எப்படிப் பிடிக்குன்னு இன்னைக்குப் பாரு."

பார்த்தேன்.

பத்து நிமிடம் ரேஸ் கொடுத்துப் பார்த்தார். சக்கரத்துக்கு அடியில் பருத்தி மார்க் குச்சிகளைப் போட்டுப் பார்த்தார். முன்பக்கம் இன்னும் ஒரு சாண் இறங்கியது. ஊரில் இருந்த ஒரே டிராக்டர் கோவில்பட்டிக்குப் போயிருந்தது. நான் செருப்பைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"ஏளா, நில்லு, நானும் வாரேன்" என்று பின்னால் வந்து பையை வாங்கிக்கொண்டார்.

அறுபது தாண்டிய இரண்டு பேர் ஒன்றரைக் கிலோமீட்டர் கரிசல் சேற்றில் நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் மூச்சு வாங்கும், மூச்சு எனக்கு அங்கே வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை அவர், "பின் வீலு ஏன் வரலன்னுதான்..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

தொழுவில்

பசு ஒருக்களித்துக் கிடந்தது. முன்னங்கால்கள் இரண்டும் வெளியே இருந்தன. கையைக் கழுவிவிட்டு உள்ளே விட்டுப் பார்த்தேன். தலை இடதுபக்கமாக மடங்கி விலாவோடு கிடந்தது. விரலைக் கன்றின் வாய்க்குள் விட்டேன். நாக்கு மெல்ல வளைந்து விரலைச் சப்பியது.

"உயிரு இருக்கு" என்றேன்.

வேலம்மாள் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

மடங்கிய தலையை நிமிர்த்த, கன்றை முதலில் உள்ளே தள்ள வேண்டும். பசுவோ வெளியே முக்கும். இருபது நிமிடம் ஆயிற்று. என் தோள்பட்டை மரத்துப்போனது. ஒரு வழியாகத் தலை நேராக வந்ததும் கயிற்றைக் கட்டி அவரிடம் ஒன்றும் வேலம்மாளிடம் ஒன்றும் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் என் கணவர் ஒரு பிரசவத்துக்குக்கூடத் தொழுவுக்குள் வந்து நின்றதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நான் சொன்ன நேரத்துக்குச் சரியாக இழுத்தார்.

கிடேரிதான். செவலை நிறம், நெற்றியில் சின்ன வெள்ளை.

மூக்கைத் துடைத்தேன். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னேன். வைக்கோலால் மூக்கைக் குத்தினேன், நெஞ்சைத் தேய்த்தேன், தண்ணீரை அடித்தேன். தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். அது மூச்சே விடவில்லை.

பசு பிழைத்துக்கொண்டது. மருந்தை ஏற்றிவிட்டு, கையைக் கழுவ வாளிப் பக்கம் போனேன். ஒரு அரைமணி முன்னால் வந்திருந்தால் என்கிற கணக்கு எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மாட்டுக்காரர்களிடம் அதை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வேலம்மாள் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "நீங்க கைய விடும்போது உயிரோடதானம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பசு ரொம்ப நேரம் முக்கியிருக்கு வேலம்மா. கன்னு களைச்சுப் போச்சு..." என்று நான் ஆரம்பித்தேன். அதுவும் பொய் இல்லை.

"அது இல்லம்மா" என்றார் என் கணவர்.

அவர் சேற்றோடு சேறாக அவளுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வண்டி சகதியில நின்னுட்டு. முக்கா மணி நேரம் நடந்து வந்தோம். நான் மாட்டுன டயராலதான் நின்னுச்சு."

"டயரா?" வேலம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "புது டயருன்னு போன தடவ வந்தப்ப டாக்டரம்மா சொன்னாவளே."

"புதுசுதான். அளவு வேற. பஸ்ஸுல பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயரு ஒட்டி நிக்கும், பாத்திருப்ப. அதுல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா மாட்டினா, ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்து இழுத்துச் சூடாயிரும். அப்படி மாட்டினவனுக்கு நான் மெமோ குடுத்திருக்கேன். எங்க காருல நாலு வீலும் அந்த மாதிரிதான். வெளிய தள்ளித் தள்ளி நிக்கும், உள்ளுக்குள்ள சேந்து கெடக்கும். அளவு மாறினா உள்ள இழுத்துக்கிட்டே கெடந்து, இழுக்க சாமானே கருகிப் போவும். எங்களுக்கு அது கருகிட்டு. அதான் பின்னாடி வரல."

நான் வாளிக்குள் கையை வைத்தபடி நின்றேன்.

ரெட்டை டயர் விஷயத்தைத் திருநெல்வேலி மெக்கானிக் சொல்லவே இல்லை. இவராகவே யோசித்துக் கண்டுபிடித்தது. எப்போது கண்டுபிடித்தார்? அந்தப் பனவடலிசத்திரத்து டீயைக் குடித்து முடிப்பதற்குள்ளாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துத்தான் ஆவணியிலிருந்து நான் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். என்னைவிட, அந்த மெக்கானிக்கைவிட, நன்றாகப் புரிந்துகொண்டு உட்கார்ந்து டேப் ஒட்டியிருக்கிறார் மனிதர். அந்த வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்றிருந்தது.

வேலம்மாள் அவர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கன்றின் நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

"அப்ப தெரிஞ்சுதான் மாட்டினியளா அண்ணாச்சி?"

"மாட்டும்போது தெரியாதும்மா" என்றார். "தெரிஞ்ச பிறவும் கழத்தல."

வேலம்மாள் எழுந்து போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து, கன்றின் மேல் மூடினாள்.